பற்றறி இல்லாத சாமான் எப்ப சாகும்?

போன மாதம் ஒரு பின்னேரம் எங்களில் ஐந்து பேர் சேர்ந்து எங்கட பேர்ஸ்களைக் கவிழ்த்துக் கொட்டினம். காலம் முடிஞ்ச பாங்க் காட்டுகள், முந்தி ஒரு இடத்தில வேலை செய்யேக்க தந்த கதவுக் காட், எங்க வாங்கினதெண்டே ஞாபகமில்லாத ஒரு வெள்ளைக் காட் எல்லாமாக ஒன்பது. என்எஃப்சி உள்ள ஒரு போனை எடுத்து ஒவ்வொன்றின் மேலேயும் பிடித்துப் பார்த்தோம். ஏழு பதில் சொன்னது. திகதி முடிஞ்சு மூன்று வருசமான ஒரு பாங்க் காட்கூடத் தன்ர இலக்கத்தை அப்பிடியே ஒப்புவிச்சது.

"அதுக்குள்ள பற்றறியே இல்லையே, பிறகு எப்பிடி?" என்று ஒருத்தன் கேட்டான். எங்களில் ஒருத்தி பளைக்காரி. "எங்கட ஊரிலயும் பற்றறி இல்லாத சாமான் நிறையக் கிடக்கு, சாகாமல்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பகிடி போகப் போகச் சிரிப்பாக இருக்கவில்லை. அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் காட்டின் விசயத்தை முடிப்போம். காட்டின் பிளாஸ்ரிக்குக்குள் ஒரு மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சிப்பும் இருக்கின்றன. போன் ஒரு காந்தப்புலத்தை வீசுகிறது. அந்தப் புலம் மாற மாறச் சுருளுக்குள் கொஞ்சம் மின் பிறக்கிறது. அந்த மின்னில் சிப் விழித்து, பதிலைச் சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துவிடும். 1831இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்த அதே விதிதான். சைக்கிள் டைனமோவும் அதே விதியில்தான் ஓடுகிறது, அங்கே காந்தம் சுத்துகிறது, இங்கே புலம் மாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கேட்கிறவன் தருகிற சக்தியிலேயே பதில் சொல்வதால் காட்டுக்குச் சொந்தமாக ஒரு பற்றறி தேவையில்லை. பற்றறி இல்லாததால் அது தீர்ந்துபோகிற நாளும் இல்லை.

சைக்கிள் டைனமோ எண்டவுடன் எங்கட வீடுகளில் பெரியாக்களுக்கு ஒரு கதை வரும். 1990இல் போர் மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடை வந்தது. சீமெந்து, உரம், பெற்றோல் இவற்றோடு பற்றறியும் போருக்குப் பயன்படக்கூடிய சாமான் என்ற கணக்கில் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. ஆனையிறவில் இராணுவ முகாம் இருந்ததால் வீதியும் இல்லை. பளைக்குப் பக்கத்தில் இருக்கிற கிளாலியில் இருந்து இரவில் வள்ளத்தில் கடலேரியைக் கடந்துதான் சனம் வன்னிக்குப் போய் வந்தது. அந்தப் பயணத்தில் செத்தவர்கள் பலர். அப்படி ஒரு வழியால் வந்து சேர்கிற ஒரு சோடி ரோச் பற்றறிக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து, இன்னும் அரை மணித்தியாலம் இழுத்துப் பார்த்த சனம் அது.

செய்தி கேட்காமலும் இருக்கமுடியாது. எங்க ஷெல் விழுந்தது, எந்தப் பாதை பூட்டு, ஆர் பேசுகிறார்கள் எல்லாம் றேடியோவில்தான். அதனால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அல்லது ஸ்ராண்டில் விட்டு, டைனமோவைச் சில்லில் அழுத்திவைத்து, அதிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒரு சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ட் தரும். நான்கு ரோச் பற்றறியை வரிசையாகப் போட்டால் வருவதும் அதே 6 வோல்ட். ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். அதற்கு இடையில் டயோட்டும் கொள்ளளவியும் வைத்துக் கட்டவேண்டும். இதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் கட்டினார்கள், படிக்காதவர்களும் பார்த்துப் பழகிக் கட்டினார்கள். ஒரு பிள்ளை பெடலைச் சுத்தும், மற்றவர்கள் காதைக் கொடுத்துப் பிபிசி தமிழோசையோ வெரித்தாஸோ கேட்பார்கள். கை களைத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கம்மி, பிறகு நின்றுவிடும். "சுத்தடா!" என்று நாலு பேர் கத்துவார்கள். இந்தக் கதையைச் சொல்லாத மாமா ஒருவர் எங்கட வட்டத்தில் இல்லை. சுத்தினது தான்தான் என்று ஒவ்வொருவரும் சொல்வது மட்டும்தான் கொஞ்சம் சந்தேகம்.

பற்றறி இல்லாத வானலைச் சாதனம் என்று இன்றைக்குப் பொறியியல்காரர் புதிதாகப் பேசுகிற சாமானை எங்கட ஆக்கள் முப்பது வருசத்துக்கு முந்தி முற்றத்தில் வைத்து ஓட்டினார்கள் என்று சொல்லிப் பெருமைப்படலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதத் தொடங்கினோம். பிறகு ஒரு விசயம் பிடிபட்டது. டைனமோ றேடியோவுக்குச் சக்தி கொடுத்தது அதைக் கேட்கிற ஆளின் கை. கை நின்றால் றேடியோவும் நின்றுவிடும். அதன் உயிரும் சாவும் அந்த வீட்டுக்காரரின் கையில்தான் இருந்தது. காட் அப்படியில்லை. அதை எழுப்புகிறவன் வேறு ஆள். என் சட்டைப்பையில் இருக்கிற காட்டை எழுப்ப என் கை தேவையே இல்லை.

இந்த வித்தியாசத்தை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் ஒற்றர்கள். 1945 ஓகஸ்ட் 4ஆம் திகதி சோவியத் பள்ளிப்பிள்ளைகள் சிலர் மொஸ்கோவில் அமெரிக்கத் தூதுவர் அவரெல் ஹரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரச முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வலு வடிவான வேலை. தூதுவர் தன் வாசஸ்தலத்தில் அதை மாட்டிவைத்தார். உள்ளே ஒரு சின்ன உலோகக் குழி, ஒரு மெல்லிய சவ்வு, ஒரு அன்ரனா. பற்றறியும் இல்லை, வயரும் இல்லை. வெளியில் இருந்து ஒரு வானலைக் கதிரை அதன் மேல் வீசினால், அறைக்குள் பேசுகிற சத்தத்துக்குச் சவ்வு அதிரும், திரும்பி வருகிற அலையும் அதற்கேற்ப மாறும். கதிர் வீசாத நேரம் அது வெறும் மரச்சிற்பம். சோதனைபோட்டவர்களுக்கு அகப்படாததற்கு அதுவும் ஒரு காரணம். தூதுவர்கள் மாறினார்கள், அது மாறவில்லை. 1952இல்தான் கண்டுபிடித்தார்கள், ஏழு வருசம் கழித்து. இதைச் செய்தவர் லெவ் தெரமின். கை படாமல் வாசிக்கிற ஒரு இசைக்கருவிக்காக உலகம் ஏற்கெனவே அறிந்திருந்த அதே ஆள்.

இப்ப கடைச் சாமானில் ஒட்டுகிற ஆர்எஃப்ஐடி சீட்டு, லைப்ரரிப் புத்தகத்தில் ஒட்டுகிற சீட்டு, எங்கட காட் எல்லாம் இந்தச் சிற்பத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் பிழையில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டி நீட்டிப் பழகிய சனம் நாங்கள். அந்தப் பழைய அட்டை நாங்கள் எடுத்து நீட்டினால்தான் பேசும். இவை அப்படியில்லை. கேட்கத் தெரிந்தவன் கிட்ட வந்தால் எங்களைக் கேளாமலே பேசும்.

இனிப் பளைக்காரி சொன்ன சாமானுக்கு வருவோம்.

பளை ஏ9 வீதியில் ஆனையிறவுக்கும் முகமாலைக்கும் நடுவில் இருக்கிறது. மண் குடாநாட்டு மண், தென்னங்காணிகளும் பனையும். நிர்வாகம் கிளிநொச்சி மாவட்டம், பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகம். ("நீங்கள் வன்னியோ, யாழ்ப்பாணமோ?" என்ற கேள்விக்கு அவள் இன்றுவரை ஒழுங்கான பதில் சொன்னதில்லை.) 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பிறகு முன்னரங்கு முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்ற கோட்டில் நிலைத்தது. 2009 ஜனவரி மட்டும் பல வருசம் இரண்டு பக்கமும் அந்தக் கோட்டில் முகத்துக்கு முகம் நின்றார்கள். இரண்டு பக்கமும் மிதிவெடி புதைத்தார்கள். ஒரு தாக்குதலுக்கு முந்தி ஒரு வரிசை, பின்வாங்கின பிறகு இன்னொரு வரிசை, பழைய வரிசைக்கு மேல் புதியது. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது முகமாலைச் சோதனைச்சாவடிக்கும் புலிகளின் சாவடிக்கும் நடுவில் இருந்த சூனியப் பிரதேசத்தைச் சனம் தார் ரோட்டை விட்டு ஒரு அடியும் இறங்காமல்தான் கடந்தது. 2006 ஓகஸ்டில் அந்தப் பாதையும் பூட்டப்பட்டது. கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் நிறுவனம் முகமாலையை உலகத்தின் மிக நெருக்கமான மிதிவெடி வயல்களில் ஒன்று என்று சொல்கிறது.

அங்கே எடுத்த மிதிவெடிகளில் பாகிஸ்தானில் செய்த பி4, சீனத்து டைப் 72 போன்றவை இருக்கின்றன. உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் டப்பா, உள்ளே வெடிமருந்து, அழுத்தினால் இடிக்கிற ஒரு சின்ன ஊசி. உலோகம் மிகக் குறைவு. பற்றறி இல்லை. தனக்கு வேண்டிய சக்தியை அது மிதிக்கிற காலிடம் இருந்து எடுத்துக்கொள்கிறது.

இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. காட்டையும் மிதிவெடியையும் ஒரே தராசில் போடுவது சரியில்லை, ஒன்று காட்டிக்கொடுக்கும், மற்றது கொல்லும். காலை இழந்த ஒருவரிடம் போய் பேர்சில் இருக்கிற காட்டைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் வராது. ஆனால் இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: தானாகத் தீராத ஒரு சாமானை நிலத்தில் வைத்தவன் போன பிறகு, அதை முடித்துவைக்கிற பொறுப்பு ஆருடையது?

இதில் பற்றறிக்கு ஒரு ஆச்சரியமான இடம் இருக்கிறது. 1996 மே மாதம் ஜெனீவாவில் திருத்திய ஒரு உடன்படிக்கை, வானத்தில் இருந்தோ தூரத்தில் இருந்தோ தூவுகிற மிதிவெடிகள் தாங்களாகவே செயலிழக்கவேண்டும் என்று விதித்தது. நூற்றுக்குத் தொண்ணூறாவது 30 நாளுக்குள் தானாக அழியவேண்டும். மிச்சத்தையும் சேர்த்துப் பார்த்தால் 120 நாளுக்குப் பிறகு ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடாது. தானாகச் செயலிழப்பது என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், வெடிக்குத் தேவையான ஒரு பாகம் மீளமுடியாமல் தீர்ந்துபோவது என்று சொல்லி, அதற்கு உதாரணமாகப் பற்றறியைத்தான் அந்த உடன்படிக்கை சொல்கிறது. அதாவது வெடிக்குள் ஒரு பற்றறியை வேண்டுமென்றே வைக்கிறார்கள், அது ஒருநாள் சாகவேண்டும் என்பதற்காக. இங்கே ஒரு றேடியோ உயிரோடு இருக்க நாங்கள் தேடித் திரிந்த அதே சாமான் அங்கே ஒரு வெடி சாவதற்காக.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இந்த விதியைக் காட்டித்தான் சில பெரிய நாடுகள் "எங்கட வெடி புத்திசாலி வெடி, அதுக்குத் தடை தேவையில்லை" என்று பல வருசம் சொல்லிக்கொண்டு இருந்தன. 1997இன் ஒட்டாவா உடன்படிக்கை அந்தப் பேச்சை ஏற்கவில்லை. ஆளைக் கொல்லும் மிதிவெடி எல்லாவற்றையும் தடைசெய்தது, பற்றறி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்களுக்கு ஒட்டாவாதான் நியாயம் என்று படுகிறது. காரணம் முகமாலையில் தெரியும். மண்ணுக்குள் இத்தனை வருசம் கிடந்த வெடிகளில் சில பழுதாகித்தான் இருக்கும். ஆனால் எது பழுது, எது நல்லது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயிரத்தில் ஒன்று எது எண்டு தெரியாட்டி ஆயிரத்தையும்தான் தேடவேணும்.

அப்படித்தான் தேடுகிறார்கள். உலோகம் குறைந்த வெடி என்பதால் கருவி மட்டும் போதாத இடங்களில் நீளக் கைபிடி போட்ட இரும்பு வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி, ஒரு மீற்றர் அகல ஒழுங்கைகளில், முழங்காலில் இருந்து. கவசமும் முகமூடியும் போட்டு, பளை வெயிலில். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்களில் இந்த வேலை செய்கிறவர்களில் கணிசமான பேர் பெண்கள், அதிலும் போரில் புருசனை இழந்து குடும்பத்தைத் தனியாகத் தூக்குகிறவர்கள் நிறைய. வெடியைப் புதைத்தவர்களின் பட்டியலில் இல்லாத பெயர்கள் எடுக்கிறவர்களின் பட்டியலில் இருக்கின்றன. வரைபடம் இருக்கிற வயலில் வரிசையைப் பிடித்துக்கொண்டு போகலாம். வரைபடம் இல்லாத இடத்தில், அல்லது பழையதுக்கு மேல் புதியது புதைத்த இடத்தில், ஒவ்வொரு சதுர மீற்றரும் புதுக் கேள்வி. 2014 மார்ச்சில் பளை வரைக்கும் யாழ்தேவி வந்து, ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஏழு மாதமும் பளைதான் கடைசி ஸ்ரேசன். அதிலிருந்து வடக்கே தண்டவாளம் போட்ட நிலம் முகமாலை நிலம் என்பதை ரயிலில் இருந்து வெளியே பார்த்த எத்தனை பேர் யோசித்திருப்போம்?

இலங்கை 2017 டிசம்பர் 13இல் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி நிலத்தை முழுதாகத் துப்பரவாக்க 2028 யூன் 1 வரை காலம். முடியாவிட்டால் நீடிப்புக் கேட்கலாம், பல நாடுகள் கேட்டிருக்கின்றன. காசு தருகிற நாடுகளின் கவனம் வேறு போர்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிற காலம் இது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

இப்படியொரு ஊரில் இருந்து பார்த்தால், பற்றறி இல்லாத ஐஓடி பற்றி வருகிற விளம்பரப் பேச்சு வேறு மாதிரிக் கேட்கிறது. "பராமரிப்பே தேவையில்லை, வச்சிட்டு மறந்திடலாம்" என்பதுதான் அதன் பெருமை. மொபைல் வலையமைப்புகளுக்குத் தரம் வகுக்கிற 3ஜிபிபி அமைப்பும் சுற்றுப்புறத்தில் கிடைக்கும் சக்தியிலேயே ஓடுகிற சின்னச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கத் தொடங்கிவிட்டது. பொதியில் ஒட்டலாம், கட்டடத்துக்குள் பூசி மூடலாம், வயலில் புதைக்கலாம். நல்ல பயன் இருக்கிறது, மறுக்கவில்லை. பற்றறிக் குப்பை குறையும் என்பதும் உண்மை. ஆனால் வைத்துவிட்டு மறப்பது என்றால் என்ன என்று எங்கட பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சாமான்களைக் கொல்ல வழியே இல்லை என்றும் இல்லை. கடைச் சாமானில் ஒட்டுகிற ஆர்எஃப்ஐடி சீட்டுகளுக்கான ஜென் 2 தரத்திலேயே ஒரு கொலைக் கட்டளை இருக்கிறது. 32 பிட் கடவுச்சொல்லோடு அதை அனுப்பினால் சீட்டு அதற்குப் பிறகு எவருக்கும் வாய் திறக்காது. 2003இல் பெனட்டன் உடுப்புகளில் சீட்டு வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்து, நுகர்வோர் புறக்கணிப்புக்கு அழைத்து, கொம்பனி பின்வாங்கிய காலத்தில் இப்படியான ஒரு கட்டளைதான் ஆறுதலாகப் பேசப்பட்டது. ஆனால் அதே தரத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது: கடவுச்சொல்லைப் பூச்சியமாகவே விட்டிருந்தால் கட்டளை வேலை செய்யாது. வைக்கும்போதே ஒருவர் யோசித்து இலக்கம் போட்டு, அதை எழுதியும் வைத்திருந்தால்தான் பிறகு ஒருவரால் கொல்லமுடியும். முகமாலையின் வரைபடம் மாதிரித்தான்.

எங்களுக்கு விளங்கின அளவில், இப்படியான சாமானுக்கு இரண்டு சாவு வேண்டும். ஒன்று பதிவேட்டில், மற்றது பொருளில். காலம் முடிந்த பாங்க் காட் இலக்கத்தை ஒப்புவித்தாலும் பாங்கின் பதிவில் அது செத்துவிட்டது, அதனால் ஆபத்துக் குறைவு. கதவுக் காட்தான் எங்களைப் பயப்படுத்தியது. வேலையை விட்டு இரண்டு வருசம். ஆரும் திருப்பிக் கேட்கவில்லை. பதிவிலிருந்து வெட்டினார்களோ தெரியாது. 1994இல் வந்து உலகம் முழுக்கக் கதவுகளிலும் பஸ்களிலும் பரவிய மைஃபெயார் கிளாசிக் காட்டின் பூட்டை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். கொம்பனி நீதிமன்றம் போயும் கட்டுரையைத் தடுக்கமுடியவில்லை. அதற்குப் பிறகும் அந்த வகைக் காட்டுகள் பல இடங்களில் ஓடுகின்றன. அப்படி ஒரு காட்டை எடுத்தவன் இன்னொரு பிரதி செய்யலாம். அதனால் ஒழுங்கு இதுதான்: முதலில் கொடுத்தவர்களிடம் சொல்லிப் பதிவிலிருந்து வெட்டுவிக்கவேண்டும், பிறகு காட்டை அழிக்கவேண்டும். மாறிச் செய்தால் அழித்தது உங்கட பிரதியை மட்டும்தான்.

அழிக்கிறதிலும் ஒரு விசயம். நடுவால் ஒரு வெட்டு வெட்டினால் சுருள் அறுந்து தொடாமல் பேசுவது நிற்கும், ஆனால் சிப் உயிரோடுதான் இருக்கும். பாங்க் காட்டில் தங்க நிறத்தில் தெரிகிற சதுரத்துக்குக் கீழேதான் சிப், அதற்குக் குறுக்கே வெட்டவேண்டும். கதவுக் காட்டில் சதுரம் இல்லை. போன் ரோச்சுக்கு முன்னால் பிடித்தால் வெள்ளைக் காட்டுகளில் சுருளும் அது போய்ச் சேர்கிற சின்னக் கறுப்புப் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளியை வெட்டுங்கள். வளவுக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்தவேண்டாம், அந்தப் புகை கூடாது.

நாங்களும் வெட்டினோம். கதவுக் காட்டை மட்டும் ஒதுக்கிவைத்தோம், அவன் முதலில் அங்கே கோல் எடுத்துக் கேட்கட்டும் என்று. போனுக்குப் பதில் சொல்லாத இரண்டு காட்டுகள் மிஞ்சின. சுருள் அறுந்ததோ, சிப் செத்ததோ, போனுக்கு விளங்காத வேறு பாசை பேசுகிற காட்டுகளோ தெரியவில்லை. பளைக்காரி இரண்டையும் எடுத்து ரோச் வெளிச்சத்தில் பிடித்து, புள்ளியைத் தேடி, அவற்றையும் வெட்டினாள்.